கோடி அதிர்வு அரங்கநாதன்

எங்கோ படித்த ஒரே ஓர் எண்ணை வைத்துக்கொண்டு ஆயுள் முழுக்க அடுத்தவர் வாயை அடைக்கிற மனிதர்களை உங்களுக்குத் தெரியுமா? ஊருக்கு ஒருவராவது இருப்பார். சங்கராபுரத்தில் மாவு மில் வைத்திருக்கும் அரங்கநாதன் அந்த இனத்தில் முதல் தரம்.

அவருடைய எண் இது: வெளிச்சம் விநாடிக்கு ஐந்து கோடி கோடி தடவை அதிர்கிறது. மாத்திரை வாங்கப் போனாலும், பந்தியில் ரசத்துக்குக் காத்திருந்தாலும், வெள்ளிமலைக்காரர்கள் சாமையை அரைத்துக்கொண்டு கடைசி பஸ்ஸுக்கு ஓடினாலும், அதை யாரிடமாவது இறக்கி வைக்காவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது.

மில்லில் அவர் மலிவான எல்இடி விளக்குகளை மாட்டிய மறுநாளே, மாவரைக்கும் காசியம்மாள் வந்து நின்றாள்.

"மொதலாளி, லைட்டு துடிக்குதுங்க."

அரங்கநாதனுக்கு முகம் மலர்ந்தது. தானாக வந்து மாட்டுகிற ஆளை யார் விடுவார்?

"வெளிச்சம்னா துடிக்கத்தான் செய்யும். செகண்டுக்கு அஞ்சு கோடி கோடி தபா! அது உன் கண்ணுக்குத் தெரியுமா?"

"அதெல்லாம் எனக்கு இன்னா தெரியும்? சக்கரம் ஓடிக்கினு இருக்கசொல்லவே நின்னாப்பல இருக்குதுங்க. கைய வுட்டுடுவனோன்னு பயமா இருக்கு."

பயம் நியாயமானது. அங்கே இரண்டு எந்திரங்கள். ஒன்றின் இரைச்சலில் மற்றது நின்றதா என்று காதுக்குத் தெரியாது. சக்கரத்தின் கம்பிகளைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் பெல்ட்டில் படிந்த மாவைக் கையால் வழிப்பார்கள்.

அரங்கநாதன் குனிந்து பார்த்தார். கம்பிகள் அசையவில்லை.

"நின்னுதானே இருக்கு!" என்று கையை நீட்டினார்.

காசியம்மாள் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள். விரல்கள் தப்பின. தோள் துண்டைப் பெல்ட் இழுத்துக்கொண்டு போய் நாராகக் கிழித்தது.

விளக்கை மாற்ற வந்த, பாவாடை என்ற பெயருள்ள எலக்ட்ரீஷியன் விளக்கினான்: "அண்ணே, நீங்க சொல்ற கோடிக் கணக்கு வெளிச்சத்தோட கலருக்கு. செவப்புக்குக் கம்மி, ஊதாவுக்கு ஜாஸ்தி. இந்த மட்டமான லைட்டு செகண்டுக்கு நூறு தபா மங்கி மங்கி எரியுது. ஒவ்வொரு தபா எரியசொல்லவும் சக்கரத்துல ஏதோ ஒரு கம்பி அதே எடத்துக்கு வந்துடுது. நின்னுச்சின்னு கண்ணு நம்பிடுது. அது வேற, இது வேற."

அரங்கநாதன் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டார். திருந்திவிட்டார் என்று நினைத்தீர்களா? மறுநாள் காலை காசியம்மாளைக் கூப்பிட்டார்.

"காசியம்மா, உனக்கு ஒண்ணு தெரியுமா? மட்டமான லைட்டு செகண்டுக்கு நூறு தபா துடிக்கும்!"

"அப்படிங்களா மொதலாளி?" என்றாள் அவள்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் இன்று சாயங்காலத்துக்குள் அந்த நூறை யாரிடமும் சொல்லாமல் இருந்துவிடுங்கள், பார்க்கலாம்.