பள்ளங்களைப் பாதுகாத்தல் - தொடர்பாக

நகராட்சி அலுவலகத்தின் சாலைப் பிரிவில் ஓர் எழுத்தர் இருந்தார். பத்தொன்பது வருடச் சேவையில் அவர் ஓடியது ஒரே ஒரு தடவை. வருகைப் பதிவேட்டை உள்ளே எடுத்து வைக்கப் போகிறார்கள் என்று யாரோ சொல்ல, வாசலிலிருந்து மாடிப்படி வரை ஓடினார். அப்படிப்பட்டவரைத்தான் இருபத்தொரு கிலோமீட்டர் காட்டுவழித் தொண்டு ஓட்டத்துக்குத் தேர்ந்தெடுத்தார்கள்.

புதிதாக வந்த ஆணையர் ஓட்டப் பிரியர். அவருக்கு முன்பிருந்தவர் தியானப் பிரியர். அவர் காலத்தில் தினமும் இரண்டு மணியிலிருந்து மூன்று மணி வரை அலுவலகமே கண்ணை மூடியிருந்தது. அவர் மாற்றலாகிப் போன பிறகும் சிலர் அந்தப் பயிற்சியைக் கைவிடவில்லை. புதியவர் வந்த ஒரே வாரத்தில் எல்லோர் மணிக்கட்டிலும் காலடி எண்ணும் கடிகாரம் ஏறியது. சாலைப் பிரிவுக் கண்காணிப்பாளர் நாற்காலியில் உட்கார்ந்தபடியே கையை ஆட்டி ஆட்டி ஒரு நாளைக்கு எட்டாயிரம் அடி நடந்தார்.

பிறகு சுற்றறிக்கை வந்தது. நடக்க இயலாதோர் நலனுக்காக, மலைக்காட்டில், பாறையும் ஓடையும் முட்புதரும் நிறைந்த கரடுமுரடான பாதையில் ஓட்டம் நடைபெறும். பிரிவுக்கு ஒருவர் தாமாக முன்வர வேண்டும். தாமாக முன்வராத பிரிவுகள் மீது நடவடிக்கை எடுக்கப்படும்.

சாலைப் பிரிவில் நாலு பேர். கண்காணிப்பாளருக்கு முழங்கால். ஒருவருக்குச் சர்க்கரை. இன்னொருவருக்கு மருமகள் பிரசவம், அதற்கு இன்னும் ஐந்து மாதம் இருந்தது. எழுத்தர் அன்று கடைவாய்ப் பல் பிடுங்க விடுப்பில் இருந்தார். மறுநாள் வாய் நிறையப் பஞ்சோடு வந்தவரிடம், "உங்களுக்கு ஒண்ணும் ஆட்சேபம் இல்லையே?" என்று கேட்டார்கள். அவர் "ம்ம்ம்" என்றார். சம்மதம் என்று பதிவானது.

வீட்டில் இதைக் கேட்டதும் அவர் மனைவி தையல் மிஷினை நிறுத்திவிட்டுச் சிரித்தாள். அக்கம்பக்கத்தில் அவளைத் தையலம்மா என்பார்கள்.

"யாருக்காக ஓடப்போறீங்க?"

"நடக்க முடியாதவங்களுக்காக."

"அதுக்கு மலைக்குப் போகணுமா? அதோ, உள்ளே உட்கார்ந்திருக்காரு."

உள்ளே சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர் அவளுடைய அப்பா. முப்பது வருடம் பேருந்து ஓட்டியவர். பக்கவாதம் வந்து ஒரு கால் விழுந்து இரண்டு வருடமாகிறது. அவருடைய நாற்காலி வாசற்படி வரைக்கும் வரும். அதற்குமேல் தெரு. அந்தத் தெருவில் மொத்தம் பதினாறு பள்ளம், உடைந்த குழாயிலிருந்து ஓயாமல் ஓடும் ஓர் ஓடை, என்றோ கொட்டி மறந்துபோன கல்குவியல்கள், அவற்றின்மேல் ஆளுயர முள்செடி. அறுநூறு மீட்டர் தாண்டி மறுகோடியில் முடிவெட்டும் கடை. அங்கே போய்க் கண்ணாடி முன் உட்கார்ந்து, நாலு பேரோடு பேசிக்கொண்டே முடிவெட்டிக்கொள்ள வேண்டும் என்பதுதான் பெரியவரின் ஆசை. இப்போதைக்கு மகளே துணி வெட்டும் கத்தரிக்கோலால் வெட்டிவிடுகிறாள். பின்னங்கழுத்தில் நல்ல காலர் வடிவம் வந்திருந்தது.

தெருவைச் சரிசெய்யக் கோரித் தையலம்மா பத்து வருடமாகப் பத்து மனு போட்டிருந்தாள். எல்லாமே முறைப்படி அவள் கணவரின் மேசைக்கு வந்தன. 'தங்கள் மனு பரிசீலனையில் உள்ளது' என்று அவரும் முறைப்படி பதில் எழுதினார். தபால்காரர் அந்தத் தெருவுக்குள் சைக்கிளை விட மறுத்துவிட்டதால், பதிலைச் சாப்பாட்டுப் பையில் வைத்து அவரே கொண்டுவந்து மனைவியிடம் கொடுத்துக் கையெழுத்தும் வாங்கிப் போனார்.

பதினோராவது மனுவுக்கு மட்டும் எப்படியோ உயிர் வந்தது. எழுத்தர் கோப்பைக் கையில் தூக்கிக்கொண்டு மேசை மேசையாக அலைந்தார். ஒப்புதல் கிடைத்தது. தெருமுனையில் ஜல்லி வந்து இறங்கியது. ரோலர் ஒன்றும் வந்து நின்றது. பெரியவர் வாசலுக்கு வந்து அந்த ரோலரையே மணிக்கணக்காகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த வாரம்தான் ஆணையர் அமர்த்திய ஓட்டப் பயிற்சியாளர் எழுத்தரின் வீட்டைத் தேடி வந்தார். இடுப்பில் தண்ணீர் பாட்டில், கிளிப்பச்சைக் காலணி. வீட்டுக்குள் அவர் வரவேயில்லை. தெருவிலேயே நின்றுவிட்டார்.

"சார்... இது யாரு செஞ்சது?"

"எது?"

"இந்தத் தெரு! கல்லு, சரிவு, ஓடை, முள்ளு... ஆறடிக்கு ஒரு தடவை நிலம் மாறுது சார்! நான் எத்தனையோ மலை ஏறியிருக்கேன். இப்படி ஒரு பாதையைப் பார்த்ததில்லை."

"நாங்க யாரும் எதுவும் செய்யலீங்க," என்றார் எழுத்தர், உள்ளபடி.

"அதான் சார் இதோட அழகு!"

மறுநாள் காலை ஆறு மணிக்கு ஆணையரே வந்து ஓடிப் பார்த்தார். மூன்று இடத்தில் தடுக்கினார். ஒவ்வொரு தடவையும் முகம் மலர்ந்தது. "இவ்வளவு பெரிய சொத்தை வச்சுக்கிட்டு இத்தனை வருஷம் சும்மா இருந்திருக்கோமே!" என்று கண்காணிப்பாளரைக் கடிந்துகொண்டார். பிறகு தெருமுனையில் ரோலரைப் பார்த்தார்.

"இது எதுக்கு நிக்குது?"

"சாலை போட சார்."

"சாலையா? இங்கேயா? யாருக்குய்யா இப்படி ஒரு நாச புத்தி?"

எல்லோரும் எழுத்தரைப் பார்த்தார்கள்.

அலுவலகத்துக்குப் போனதும் ஆணையர் சொல்லச் சொல்ல எழுத்தர்தான் குறிப்பு எழுத வேண்டியிருந்தது. 'மேற்படி தெருவின் இயற்கையான கரடுமுரட்டுத் தன்மை பல்லாண்டு கால உழைப்பின்மையால் உருவானது என்பதாலும், இதனை மீண்டும் உருவாக்குவது எளிதன்று என்பதாலும், இதனை ஓட்டப் பயிற்சிக் களமாகப் பாதுகாக்க...' நடுவில் எழுத்தரின் கை நின்றது. ரோலரைப் பார்த்தபடி வாசலில் உட்கார்ந்திருக்கும் மாமனாரின் முகம் நினைவுக்கு வந்தது.

"சார்..." என்றார்.

"சொல்லுங்க."

எழுத்தர் பேனாவை உதறிப் பார்த்தார். "பேனாவுல மை தீர்ந்துபோச்சு சார்."

ஆணையர் தம்முடைய பேனாவையே கொடுத்தார்.

பதினாறு பள்ளத்தையும் பயிற்சியாளர் அளந்து பார்த்தார். ஐந்து பள்ளம் போதிய ஆழமில்லை. சாலை போட வந்த ஒப்பந்தக்காரரிடமே அவற்றை ஆழப்படுத்தும் வேலையும், புதிதாக நாலு பள்ளம் தோண்டும் வேலையும் ஒப்படைக்கப்பட்டன. கெடுவுக்கு இரண்டு நாள் முன்பே வேலை முடிந்தது. நகராட்சி வரலாற்றில் அது முதல் தடவை. ஒப்பந்தக்காரருக்குப் பாராட்டுச் சான்றிதழ் கொடுத்தார்கள்.

அன்று எழுத்தருக்கு வீட்டில் சோறு கிடைத்தது. பேச்சு கிடைக்கவில்லை. கடைசியில் தையலம்மாவே வாயைத் திறந்தாள்.

"மூட பத்து வருஷம். தோண்ட மூணு நாள். அப்படித்தானே?"

"மேலிடத்து உத்தரவு. நான் என்ன பண்ணட்டும்?"

"கீழிடத்துல ஒருத்தர் உட்கார்ந்திருக்காரே, அவருக்கு என்ன சொல்லப்போறீங்க?"

பெரியவரே குறுக்கிட்டார். "விடும்மா. மாப்பிள்ளை பாவம், ஓடணும்ல."

அதுதான் எழுத்தருக்கு ரொம்ப உறைத்தது. திட்டியிருந்தால் தேவலை.

தையலம்மா மறுநாளே ஆணையரைப் பார்க்கப் போனாள். ஆணையர் நின்றபடி குதிகாலை ஏற்றி இறக்கிக்கொண்டே கேட்டார்.

"அம்மா, நீங்க புரிஞ்சுக்கணும். இந்த ஓட்டமே நடக்க முடியாதவங்களுக்காகத்தான்."

"எங்க அப்பா நடக்க முடியாதவர்தாங்க."

ஆணையரின் குதிகால் அந்தரத்தில் நின்றது. "அப்படியா! எந்தத் தெரு?"

"அதே தெருதான்."

"அடடா! பயனாளி கிடைக்காம ஒரு வாரமா தவிச்சுக்கிட்டு இருக்கோம். களத்துலயே இருக்கார்!" என்று மணியை அழுத்தினார். "விழாவுல அவருக்குப் புது சக்கர நாற்காலி. எழுதிக்குங்க."

"இருக்கிற நாற்காலியே படி இறங்கலீங்க."

"இது எல்லா வசதியும் உள்ளதும்மா. சமதளத்துல பறக்கும்."

ஒரு மாதம் எழுத்தர் தினமும் தெருவில் ஓடினார். முதல் வாரம் கால் இரண்டும் கடன் வாங்கியவை போலிருந்தன. மூன்றாம் வாரம் எந்தப் பள்ளத்துக்கு எந்தக் காலை வைக்க வேண்டும் என்று உடம்பே கற்றுக்கொண்டது. பெரியவர் வாசலிலிருந்து, "இடது பக்கம் ஒடிச்சுத் திருப்புங்க மாப்பிள்ளை! பிரேக்கு! பிரேக்கு!" என்று குரல் கொடுப்பார்.

ஓட்டத்துக்குப் பத்து நாள் முன்பு ஆணையரும் மற்றவர்களும் மெய்யான மலைக்காட்டைப் பார்வையிடப் போனார்கள். வனத்துறையினர் அங்கே பார்வையாளர்களுக்காகச் சமமாகப் பாதை போட்டு, கைப்பிடி வைத்து, நூறடிக்கு ஒரு பெஞ்சும் போட்டிருந்தார்கள். ஆணையர் மனம் உடைந்துபோனார்.

"இது என்ன காடு? நம்ம தெருவுல கால்வாசி கூட இல்லையே!"

ஆக, காட்டின் தரம் போதாமையால் ஓட்டம் தெருவுக்கு மாற்றப்பட்டது. அறுநூறு மீட்டரை முப்பத்தைந்து தடவை ஓடினால் இருபத்தொரு கிலோமீட்டர். கணக்கு சரியாக வந்தது.

விழா நாளில் அறுபத்திரண்டு பேர் ஓடினார்கள். ஆறாவது சுற்றிலிருந்து ஆட்கள் உதிரத் தொடங்கினார்கள். ஒருவர் ஓடையில் வழுக்கினார், ஒருவர் முள்செடிக்குள் போய் வெகுநேரம் திரும்பவில்லை. பயிற்சியாளர் தாமே ஆழப்படுத்திய பள்ளத்தில் கணுக்காலைப் பிசகவிட்டார். ஆம்புலன்ஸ் தெருவுக்குள் வர முடியாததால் விழுந்தவர்களை விழாதவர்கள் தூக்கிப்போக வேண்டியதாயிற்று. அடுத்த ஆண்டுக்கான பயனாளிகள் தட்டுப்பாடில்லாமல் கிடைத்தார்கள்.

இதற்கிடையில் மேடை மறுகோடியில் இருந்ததால் பெரியவரைக் கொண்டுவர நாலு பிரிவுக் கண்காணிப்பாளர்கள் அனுப்பப்பட்டார்கள். நாற்காலியோடு அவரைத் தோளில் ஏற்றிக்கொண்டு அவர்கள் பள்ளம் பள்ளமாக இறங்கி ஏறினார்கள். இரண்டு வருடம் கழித்து வாசலைத் தாண்டிய பெரியவர் இருபக்கமும் கையசைத்துக்கொண்டு வந்தார். முடிவெட்டும் கடை வந்ததும் உரக்கச் சொன்னார்:

"ஸ்டாப்பிங் வந்தாச்சு! இறக்கி விடுங்க."

"மேடை இன்னும் அம்பதடி இருக்கு ஐயா."

"எனக்கு இங்கேதான் இறக்கம்."

மூச்சு வாங்கிக்கொண்டிருந்த நாலு பேருக்கும் அது தேவவாக்காகப் பட்டது. இறக்கிவிட்டார்கள்.

முப்பத்தைந்து சுற்றையும் எழுத்தர் முதலாவதாக முடித்தார். வேறு ஆறு பேர்தான் முடித்தார்கள். மேடையில் பயனாளிக்காக முக்கால் மணி நேரம் காத்திருந்துவிட்டு, சக்கர நாற்காலியை ஆணையர் எழுத்தரிடமே கொடுத்துப் படம் எடுத்துக்கொண்டார். எழுத்தர் பதக்கத்தோடு நொண்டிக்கொண்டு முடிவெட்டும் கடைக்கு வந்தார். பெரியவர் கழுத்தில் வெள்ளைத் துணியோடு கண்ணாடியில் தம் முகத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். கடையில் இருந்த நாலு பேரும் அவர் சொன்ன ஏதோ கதைக்குச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"மாப்பிள்ளை," என்றார் கண்ணாடியிலேயே பார்த்து, "அடுத்த ஓட்டம் எப்போ?"

எழுத்தருக்குக் கண் கலங்கியது. வியர்வை என்று துடைத்துக்கொண்டார்.

அதன் பிறகு தெருவின் மவுசு ஏறியது. விடுமுறை நாட்களில் எங்கிருந்தோ வந்து ஓடினார்கள். தார் போட்ட பக்கத்துத் தெருக்காரர்கள், 'எங்களை மட்டும் புறக்கணிப்பதேன்? எங்களுக்கும் பள்ளம் வேண்டும்' என்று மனு கொடுத்தார்கள். தையலம்மா ஓட்டக் காற்சட்டை தைக்க ஆரம்பித்தாள். கை ஓயாத வேலை. சாலையைப் பற்றி அவள் பேசி வெகுநாளாயிற்று. எழுத்தர்தான் ஒருநாள் நினைவூட்டினார். "பன்னிரண்டாவது மனு போடலையா?"

"இந்த ஆர்டர் முடியட்டும்ங்க."

மழைக்காலம் தொடங்கியபோது ஆணையர் மாற்றலாகிப் போனார். ஓடுகிறவர்களின் வரத்து ஒரே வாரத்தில் நின்றது. முப்பது காற்சட்டை விற்காமல் தங்கிவிட்டன. தெருவே முகம் வாடிக் கிடந்தது. எழுத்தருக்கு மட்டும் உள்ளூரத் தெம்பு. புதிய ஆணையர் பொறுப்பேற்ற அன்றே சாலைக் கோப்பைத் தூசி தட்டி முதல் கோப்பாக மேசையில் வைத்தார். புதியவர் தங்கமான மனிதர். "வாங்க, நேரிலேயே பார்த்துடலாம்," என்று குடையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

தெருவே கூடி நின்றது. இருபது பள்ளத்திலும் மழைநீர் ததும்பிக்கொண்டிருந்தது. எழுத்தர் கோப்பை விரித்து, தொண்டையைக் கனைத்துக்கொண்டு, பொதுமக்கள் படும் இன்னல்களை ஒவ்வொன்றாக வாசித்தார். ஆணையர் அதைக் கேட்ட மாதிரி தெரியவில்லை. பெரிய பள்ளத்தின் ஓரத்தில் குனிந்து தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் சட்டைப்பையிலிருந்து நீச்சல் கண்ணாடியின் வார் ஒன்று எட்டிப் பார்த்தது.

"இது ஆழம் எவ்வளவு இருக்கும்?" என்றார்.

"ரொம்ப ஆபத்து சார். உடனே மூடணும்," என்று எழுத்தர் சொல்லி முடிக்கும் முன்பே, கூட்டத்தை விலக்கிக்கொண்டு தையலம்மா முன்னால் வந்தாள். கழுத்தில் கிடந்த டேப்பை உருவித் தண்ணீருக்குள் விட்டுப் பார்த்தாள்.

"இப்போதைக்கு நாலடி சார். உங்களுக்கு எத்தனை அடி வேணும்னு சொல்லுங்க, தோண்டிக்கலாம்."

"ஆமா சார், தோண்டிக்கலாம்!" என்றது தெரு முழுவதும்.

எழுத்தர் கோப்பும் கையுமாக நின்றார். வாசற்படியிலிருந்து பெரியவரின் குரல் வந்தது.

"மாப்பிள்ளை, அப்படியே எனக்கு ஒரு படகுன்னு எழுதிக்குங்க."

எழுத்தர் பேனாவைத் திறந்தார். இந்தத் தடவை மை இருந்தது.