மூன்று குட்டை, ஒரு நெட்டை

அமைதி வேண்டும் என்று கேட்கிறவன்தான் ஊரிலேயே பெரிய சத்தம் போடுவான். இது நான் எந்தப் பள்ளியிலும் படித்த பாடம் அல்ல. மலாயாக் காட்டுக்குள் கம்யூனிஸ்டுகள் துப்பாக்கியோடு இருந்த அவசரகாலத்தில், கோல சிலாங்கூரில், ஒரு சீனர் ஓட்டலின் மாடி அறையில், என் இருபத்தாறாவது வயதில் நானே செய்து தெரிந்துகொண்டது. அதன் பலனை அனுபவித்தவன் நான் இல்லை. பக்கத்து அறைக்கு வந்திருந்த ஓர் அப்பாவி. இப்போது எனக்கு எண்பத்தெட்டு வயது. இதை ஒழுங்காகச் சொல்லாமல் போனால் என் கட்டை வேகாது.

அப்போது நான் ஒரு ரப்பர் தோட்டத்தில் சின்னக் கிராணி; ஆள் கணக்கு எழுதுகிற வேலை. தொழிலாளர் குடியிருந்த லயங்களைச் சுற்றி முள்கம்பி வேலி போட்டிருந்தார்கள். வெளியே போக ஒரு நேரம், உள்ளே வர ஒரு நேரம். பெரிய துரை என்னை நம்பி ஒரு பித்தளை விசிலைக் கொடுத்திருந்தார். மூன்று முறை குட்டையாக ஊதினால் ஆபத்து. யார் எங்கே இருந்தாலும் தரையோடு தரையாகப் படுத்துவிட வேண்டும், முடிந்தால் எதற்காவது அடியில். ஒரு முறை நெட்டையாக ஊதினால் ஆபத்து நீங்கியது; எழுந்திருக்கலாம். நெட்டை வரும்வரை அசையக் கூடாது. அந்த வட்டாரத்துத் தோட்டங்களுக்கெல்லாம் இதே முறைதான். ஐந்து வயதுப் பிள்ளைக்கும் மனப்பாடம்.

விசிலைச் சிவப்புக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் போட்டிருந்தேன். குளிக்கும்போதும் கழற்றுவதில்லை. (தாலி கட்டியது எனக்கா உங்களுக்கா என்று என் மனைவி ஞானம் ஒருநாள் கேட்டாள். நான் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டேன்.)

எங்கள் மகளுக்கு அப்போது ஏழு மாதம். காய்ச்சலில் மூன்று நாளாகக் கண்மூடவில்லை. கோல சிலாங்கூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தோம். டாக்டர் ஊசி போட்டு, பிள்ளை நன்றாகத் தூங்க வேண்டும், நாளைக் காலை மறுபடியும் காட்டுங்கள் என்று சொன்னார். தோட்டத்து லோரி நண்பகலோடு திரும்பிவிடும். ஆகவே கடைத்தெருவில், காப்பிக்கடைக்கு மேலே இருந்த ஓட்டலில் ஓர் அறை எடுத்தோம். ஆறு அறைகள். நடுவே பலகைத் தடுப்பு. தடுப்பு கூரைவரை போகாது. மேலே இரண்டடிக்குக் கோழிவலை அடித்திருந்தார்கள். பக்கத்து அறையில் ஒருவர் பெருமூச்சு விட்டால் நம் அறைக் கொசுவலை ஆடும்.

பிற்பகல் இரண்டு மணிக்குப் பக்கத்து அறைக்கு ஒரு கூட்டம் வந்தது. வெளியாட்களைத் தோட்டத்து வேலிக்குள் விடாததால் பெண் பார்க்கும் சடங்கை ஓட்டலில் வைத்திருந்தார்கள். வேறொரு தோட்டத்தில் ஆட்களை மேய்க்கும் மண்டோர் வீராசாமி, அவர் மனைவி கண்ணம்மா, மகள் பார்வதி, இரண்டு ஆண்டாக ஒருவரை ஒருவர் பார்க்காத சொந்தபந்தங்கள். வெற்றிலை இடிக்கிற சத்தம், பலகைத் தரையில் பிள்ளைகள் ஓடுகிற சத்தம். எல்லாவற்றுக்கும் மேலாகக் கண்ணம்மாவின் சிரிப்பு. ரப்பர் ஸ்டோரில் உருளை இயந்திரத்தைக் கிளப்பினால் முதலில் இரண்டு மூன்று முறை இழுத்துவிட்டுப் பிறகு பிடித்துக்கொள்ளுமே, அப்படி ஒரு சிரிப்பு. பிடித்துக்கொண்டால் நிற்காது.

என் மகள் தூங்க வேண்டும். அதைச் சாதித்தே தீருவது என்று முடிவு செய்தேன். முதலில் தடுப்பைத் தட்டினேன். யாரோ வாசலில் வந்திருப்பதாக நினைத்து அவர்கள் கதவைத் திறந்து பார்த்துவிட்டு, அதற்கும் சிரித்தார்கள். அடுத்து, படித்தவன் செய்வதைச் செய்தேன். கடிதம் எழுதினேன். அதுவும் ஆங்கிலத்தில். (புகார் என்றால் ஆங்கிலத்தில்தான் என்பது அன்றைக்கு என் கொள்கை.) மடித்து அவர்கள் கதவுக்கடியில் தள்ளிவிட்டு வந்தேன்.

கால்மணி நேரத்தில் பதில் வந்தது. என் கடிதத்திலேயே சூடான பக்கோடாவைப் பொட்டலம் கட்டிக் கொடுத்து அனுப்பியிருந்தார்கள். என் கையெழுத்தின் மேல் எண்ணெய் ஊறியிருந்தது.

ஞானம் ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். "நல்ல மனுசங்க. பேசாம உக்காருங்க. பிள்ளைதான் தூங்குதே" என்றாள்.

உண்மைதான். மகள் தூங்கி ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. அந்த இரைச்சலே அவளுக்குத் தாலாட்டாகிவிட்டது. அதைக் கண்ணால் பார்த்தேன். பார்த்தும் விடவில்லை. எனக்கு வேண்டியது இப்போது பிள்ளையின் தூக்கம் அல்ல, வெற்றி.

இதற்குள் மாப்பிள்ளை வந்துவிட்டான். பெயர் ராமையா. சபாக் பக்கத்துத் தோட்டமொன்றில் லோரி ஓட்டுகிறான். தாய்மாமனோடு வந்திருந்தான். காட்டோரச் சாலையில் லோரி ஓட்டப் பயமில்லையா என்று மண்டோர் கேட்டார். "என்ன செய்யணும்னு சொல்லிருக்காங்களோ அத அப்படியே செய்வேங்க. அதான் இன்னும் உசிரோட இருக்கேன்" என்று அவன் சொன்னது எனக்குத் தெளிவாகக் கேட்டது. பார்வதியிடம் சம்மதம் கேட்டார்கள். சரி என்றாள். தட்டு மாற்றிக்கொள்ளலாம் என்று மண்டோர் சொன்னார். கண்ணம்மாவின் இயந்திரம் பிடித்துக்கொண்டது.

நான் விசிலை எடுத்தேன்.

தோட்டத்தில் காலைப் பெரட்டில், ஆள் கணக்கு எடுக்கும்போது பேச்சு அதிகமானால் ஒரு குட்டை ஊதுவேன். இருநூறு பேரும் அடங்குவார்கள். அந்தப் பழக்கத்தில் ஒன்று ஊதினேன். சிரிப்பில் அது எடுபடவில்லை. இன்னும் பலமாக ஒன்று ஊதினேன். அதுவும் எடுபடவில்லை. ஆத்திரத்தில் கட்டில்மேல் ஏறி, கோழிவலைக்கு வாயைக் கொடுத்து இன்னொன்று ஊதினேன்.

ஒன்றும் ஒன்றும் ஒன்றும் மூன்று. பள்ளிப் பரீட்சையில் ஆறு பாடத்தில் தேறியவனுக்கு அந்தக் கணக்கு அப்போது தோன்றவில்லை.

சிரிப்பு பாதியில் அறுந்தது. ஒரு தாம்பாளம் விழுந்து உருண்டது. கீழே காப்பிக்கடையில் நாற்காலிகள் சரிந்தன. தெரு நெடுகக் கடைக்கதவுகள் ஒன்றன்பின் ஒன்றாக மூடிக்கொண்டன. ஆற்றங்கரைவரை அந்தச் சத்தம் போய் அடங்கியது. என் மகள் விழித்துக்கொண்டு வீறிட்டாள்.

அந்த நொடியே நெட்டையை ஊதியிருந்தால் எல்லாம் முடிந்திருக்கும். ஆனால் அதை ஊதினால் முதல் மூன்றும் யார் ஊதியது என்று தெரிந்துவிடும். பொய் அபாய அறிவிப்புக்கு வேலை போகும். கம்பியும் எண்ண வேண்டியிருக்கும். விசிலைக் கழற்றிப் பால்மாவு டின்னுக்குள் புதைத்தேன். ஞானம் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

போலீஸ் வந்து அறை அறையாகச் சோதித்தது. யார் ஊதியது என்று கேட்டார்கள். நான் ஆங்கிலத்தில், தெருப்பக்கமிருந்து கேட்டது போல இருந்தது என்றேன். கழுத்தில் டை கட்டியவன், கையில் அழுகிற பிள்ளை. என்னை நம்பினார்கள். ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டுப் போனார்கள். எல்லாரும் எழுந்தார்கள். ஒருவனைத் தவிர.

"எந்திரிங்க மாப்ள. போலீசே போயிருச்சு" என்றார் மண்டோர்.

"நெட்டை இன்னும் ஊதலீங்களே" என்று கட்டிலுக்கடியிலிருந்து பதில் வந்தது.

"எல்லாரும் எந்திரிச்சாச்சு லா. நீங்க மட்டும்தான்."

"ஊதட்டும் மாமா. எந்திரிக்கிறேன்."

அவன் சொன்னதுதான் சட்டம். அன்றைக்கு அந்த ஊரில் சட்டப்படி நடந்த ஒரே மனிதன் அவன்தான். முதலில் பிள்ளைகள் சிரித்தார்கள், பிறகு பெரியவர்கள். ஒரு மணி நேரம் ஆயிற்று. நெட்டையோ தடுப்புக்கு இந்தப் பக்கம், பால்மாவுக்குள் கிடந்தது. கடைசியில் தாய்மாமன் அவன் காலைப் பிடித்து இழுத்து வெளியே எடுத்தார். சட்டையெல்லாம் காப்பி, தலையெல்லாம் ஒட்டடை என்று யாரோ சொன்னது கேட்டது. நெஞ்சை நிமிர்த்தி நிற்கிறவனுக்குத்தான் பெண் கொடுப்பேன், கட்டிலுக்கடியில் படுக்கிறவனுக்கு இல்லை என்று மண்டோர் சொல்லிவிட்டார்.  ராமையா படியிறங்கும் ஓசை மட்டும் கேட்டது.

அதற்குப் பிறகு பக்கத்து அறையில் ஊசி விழுந்தாலும் கேட்கும் அமைதி. நான் கேட்ட அமைதி. அந்த அமைதியில் என் மகள் விடியும்வரை தூங்கவில்லை.

வீட்டுக்கு வந்த பிறகும் அமைதி தொடர்ந்தது. ஞானம் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். சொல்ல வேண்டியதைக் குழந்தையிடம் சொல்வாள். "அம்மு, ஒங்கப்பாகிட்ட சோறு ஆச்சின்னு சொல்லு." பேசத் தெரியாத ஏழு மாதப் பிள்ளையும் என்னைப் பார்த்து மூக்கை உறிஞ்சும். எனக்கென்னவோ அதுவும் கண்டிப்பதுபோலவே இருக்கும்.

பதினாறாம் நாள் காலைப் பெரட்டில் எங்கள் தோட்டத்து ஆட்கள் எதையோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். என்னவென்று கேட்டேன். சபாக் பக்கம் ஒரு லோரிக்காரனாம், பெயரே 'கட்டில் மாப்பிள்ளை'யாம். அவன் லோரி எந்தத் தோட்டத்துக்குள் நுழைந்தாலும் பிள்ளைகள் தரையில் படுத்துக் காட்டுகிறார்களாம்.

அன்று மாலையே துரையின் பங்களாவுக்குப் போனேன். ஒப்புதல் வாக்குமூலம் மூன்று பக்கம் எழுதி எடுத்துப் போயிருந்தேன். துரை இரண்டாம் பக்கத்தில் எழுந்து சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் குலுங்கியது. கோபமா சிரிப்பா என்று இன்றுவரை தெரியாது. திரும்பியபோது முகத்தில் ஒன்றுமில்லை. விசிலை வாங்கிக்கொண்டார். போலீசுக்கு என்னைத் தாமே அழைத்துப் போனார். அங்கே அரைமணி நேரம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். துரை சொன்ன ஒரு வார்த்தையால் சிறை இல்லை. ஆனால் பெரிய கிராணி ஆகும் பேச்சு நான்கு வருடம் பின்னால் போயிற்று. போகட்டும்.

ஞாயிற்றுக்கிழமை அனுமதிச் சீட்டு வாங்கி மண்டோர் வீராசாமி வீட்டுக்குப் போனேன். உட்காரச் சொன்னார்கள். உட்காராமலே சொன்னேன்.

"அன்னைக்கி ஓட்டல்ல விசில் ஊதினது நான்தாங்க."

மண்டோர் மீசையைத் தடவினார். கண்ணம்மாதான் கேட்டார். "எதுக்குங்க ஊதுனீங்க?"

"நீங்க சிரிச்சீங்க."

"நான் சிரிச்சதுக்கா?"

"ஆமாங்க."

அவர் தம் கணவரைப் பார்த்தார். அந்த இயந்திரம் ஒருமுறை இழுத்தது, ஆனால் பிடிக்கவில்லை. அப்போது உள்ளேயிருந்து பார்வதி வந்தாள். பத்தொன்பது வயதிருக்கும். நேராக என்னைப் பார்த்துக் கேட்டாள்.

"சரி, குட்டைய ஊதுனீங்க. நெட்டைய ஏன் ஊதல?"

"பயம்மா. வேலை போயிருமேன்னு."

"அப்ப கட்டிலுக்கடியில இருந்தது அவரில்ல. நீங்கதான்."

என் வாழ்நாளில் யாரும் என்னைப் பற்றி இவ்வளவு சரியாகச் சொன்னதில்லை. ஞானம் உட்பட.

மறுவாரம் சபாக் பக்கம் போய் ராமையாவைப் பார்த்தேன். லோரிக்கு அடியில் மல்லாந்து படுத்து எதையோ முடுக்கிக்கொண்டிருந்தான். சொல்லி முடித்தேன். அடிப்பான் என்று எதிர்பார்த்தேன். அவன் வெளியே வந்து கையைத் துடைத்துக்கொண்டு, "அப்ப நான் செஞ்சது சரிதானே?" என்று கேட்டான். சரிதான் என்றேன். "அத எழுதிக் குடுங்க கிராணியாரே" என்றான்.

எழுதிக் கொடுத்தேன், தமிழில். இன்னார் இன்ன இடத்தில் விதிகளின்படி கட்டிலுக்கடியில் படுத்திருந்தார் என்றும், எழும்பாததற்கு முழுக் காரணமும் கீழே கையெழுத்திட்டுள்ள நான்தான் என்றும். அதை அவன் தோட்டத்துப் பெரட்டிலும் பார்வதியின் தோட்டத்துப் பெரட்டிலும் வாசித்தார்கள். எங்கள் தோட்டத்தில் நானே நின்று வாசித்தேன். அன்று வீட்டுக்கு வந்ததும் ஞானம், "சோறு ஆச்சு" என்றாள். என்னைப் பார்த்து.

மண்டோர் இறங்கி வந்தார்; கல்யாணம் பார்வதியின் தோட்டத்துக் கோயிலில் நடந்தது. மேளம் கூடாது, அபாய விசில் கேட்காமல் போய்விடும் என்று அந்தத் தோட்டத்துத் துரை தடுத்துவிட்டார். எனக்கு அழைப்பு வந்தது, விசிலோடு வர வேண்டும் என்ற நிபந்தனையோடு. இரண்டு துரைமாரும் எழுத்தில் அனுமதி தந்தார்கள். ராமையா தாலி கட்டினான். மாலையை மாற்றிக்கொண்டான். எழுந்து வலம் வர வேண்டிய நேரத்தில் மணையைவிட்டு எழவில்லை.

"கிராணியாரே, நான் இன்னும் கட்டிலுக்கடியிலதான் இருக்கேன்" என்றான்.

ஊதினேன். மூச்சு தீரும்வரை ஒரே நெட்டை. அவன் எழுந்தான். கண்ணம்மாவின் சிரிப்பு அன்று வேலியைத் தாண்டிப் போனது. யாரும் அதைத் தடுக்கவில்லை.

அன்றிலிருந்து அந்தக் குடும்பத்தில் எந்தக் கல்யாணம் நடந்தாலும் நெட்டை ஊதுவது என் பொறுப்பு. துரை சீமைக்குத் திரும்பும்போது விசிலை எனக்கே கொடுத்துவிட்டுப் போனார். சென்ற மாதம் ராமையாவின் பேத்திக்குப் புக்கிட் செந்தோசா மண்டபத்தில் கல்யாணம். பெண்ணுக்கு அப்படியே கண்ணம்மாவின் சிரிப்பு. தாலி ஏறியதும் எல்லாரும் என் பக்கம் திரும்பினார்கள். ராமையா மேடைக்குக் கீழே நாற்காலியில், எழாமல் உட்கார்ந்திருந்தான். எழுந்து நின்று ஊதினேன். பல்செட்டு ஆடியது, மூச்சு போதவில்லை. ஒரே நெட்டையாக வர வேண்டியது மூன்று துண்டாக உடைந்து வந்தது.

 ராமையா என்னைப் பார்த்தான். பிறகு எண்பத்தைந்து வயதில், வேட்டியை மடித்துக்கொண்டு, பேரனின் தோளைப் பிடித்தபடி மெல்ல மெல்லக் குனிந்து சாப்பாட்டு மேசைக்கடியில் போய்ப் படுத்துக்கொண்டான். இரண்டு பேர் தூக்க ஓடினார்கள். "விடுங்கடா. நெட்டை இன்னும் வரல" என்று அடியிலிருந்து குரல் வந்தது. மணமேடையில் அந்த இயந்திரம் இழுத்தது, இழுத்தது, பிடித்துக்கொண்டது.

ஞானம் என் முதுகைத் தட்டிக் கொடுத்தாள். "இந்தத் தடவ டின்னுக்குள்ள போட்ராதீங்க" என்றாள்.

பல்செட்டைக் கழற்றி அவள் கையில் கொடுத்துவிட்டு, மூச்சை இழுத்தேன்.