காளான் கொட்டிலில் குளிர்ச்சாமி

முருங்கன் பக்கத்துக் குடியேற்றத்தில் அந்த ஆடியில் அற்புதம் நடந்தது கோயிலில் அல்ல, பேச்சியம்மாவின் காளான் கொட்டிலில். ஷெல் சத்தம் கேட்டால் பங்கருக்குள் பாய்கிற சனம், குளிர்ச்சாமி பேரைக் கேட்டதும் வறண்ட கச்சான் காற்றையும் வெயிலையும் பாராமல் ஓடி வந்தது. ஒருத்தர் காய்ச்சல்காரப் பிள்ளையோடு. ஒருத்தர் சூடேறி நின்றுபோன தண்ணீர் மிசினோடு. இன்னொருத்தர் கோபக்கார மாமியாரோடு. எந்தச் சூட்டையும் சாமி இறக்குவாராம். ஆளுக்கு ஒரு கோழி போதுமாம். மாமியாரைப் பார்த்ததும் மட்டும் இரண்டு கோழி கேட்டார்.

எல்லாம் தொடங்கியது ஒரு கண்ணாடிக் குழாயில். பேச்சியம்மா கலவரத்துக்குத் தப்பி மலைநாட்டிலிருந்து வந்தவள். வந்த நாள் முதல் அடுத்தவன் வயலில் குனிந்து குனிந்து முழங்கால் போய்விட்டது. தொண்டு நிறுவனத்து மிஸ் ஒருத்தி வந்து, தென்னோலைக் கிடுகுக் கொட்டிலுக்குள் வைக்கோல் பைகளைத் தொங்கவிட்டுக் காளான் வளர்க்கப் பழக்கினாள். கையில் சூடு பார்க்கிற ஒரு தேமாமீட்டரும் கொடுத்தாள். "உள்ளுக்குச் சூடு முப்பதுக்கு மேல ஏறக்கூடாது, பேச்சியம்மா. சிவப்புக் கோடு எதில நிக்குதெண்டு பார்த்துக்கொள்ளுங்கோ." மிஸ் கொண்டுவரும்போது சென்றிப் பொயின்டில் மூன்று ஆமிக்காரர் அதைக் குலுக்கி, மோந்து, காதில் வைத்துக் கேட்டுத்தான் விட்டார்கள். காளான் விதையும் அந்த ஒரு தரம்தான் வந்தது. பிறகு பாதை பூட்டு. இந்த நாற்பது பையும் அழுகினால் அவளுக்குத் திரும்பவும் வயல்தான், அந்த முழங்காலோடு.

இவ்வளவு பெரிய சாமானை வெறும் கம்பிலா தொங்கவிடுவது? கூரையோடு ஒட்டிப் பலகை அடித்து, சந்தனம் குங்குமம் வைத்து, நேர் கீழே விளக்கும் ஏற்றினாள் பேச்சியம்மா. கோடு நாற்பத்திரண்டுக்கு ஏறியது. ஐயோ தெய்வமே என்று பயந்து இன்னொரு திரியும் போட்டாள். நாற்பத்தாறு! பக்தி கூடக் கூடக் கோடும் கூடியது. கடைசியில் குளிர்ச்சாமிக்கு ஆள் அனுப்பினாள்.

"உஷ்ண முனி குந்தியிருக்கான்" என்றார் குளிர்ச்சாமி. கொட்டிலுக்குள் அவர் காலே வைக்கவில்லை. வேப்பமர நிழலில் கதிரை போட்டு உட்கார்ந்திருந்தார். விளக்கை எடுத்துத் தன் காலடியில் வைக்கச் சொன்னார். செம்புத் தண்ணீரில் மந்திரம் ஊதி, மஞ்சள் துணியை நனைத்துப் பேச்சியம்மாவின் புருசன் பெரியசாமியிடம் கொடுத்தார். "குழாயோட அடிக் குமிழ்ல சுத்து." பெரியசாமி நல்ல மனுசன். தந்திக் கம்பம் பேசுது என்றாலும் நின்று கேட்பார். ஓடிப்போய்ச் சுற்றினார்.

கால் மணி நேரத்தில் கோடு இருபத்தேழு!

"அரோகரா!" என்றது சனம். கோழிகள்தான் பாவம், கத்தின.

"கதவ சாத்து. காத்துப் போற பொந்தெல்லாம் அடை. ஒம்பது நாளு தண்ணி தெளிக்காத, குளிர் ஓடிரும். காலையும் மாலையும் துணிய மட்டும் நனை" என்று சாமி கட்டளை போட்டார்.

ஐந்தாம் நாள் கதவிடுக்கால் நாற்றம் வந்தது. பேச்சியம்மா எட்டிப் பார்த்தாள். வெள்ளையாக இருந்த பைகளில் பாதி மஞ்சள் பூத்து நீர் வடிந்தது. கோடோ அதே இருபத்தேழு.

"சாமி, பையி அழுகுதுங்க!"

"முனி வெளிய போற நாத்தம்மா அது."

அந்த நேரம் பார்த்து, வங்காலையிலிருந்து மீன் பெட்டியோடு சைக்கிளில் வந்து இறங்கினாள் லூசியா. காளான் முளைத்ததும் மீனுக்கு மாற்றிக்கொள்வதாகப் பேசி வைத்திருந்தவள்.

"என்ன அக்கா, அழுதனீங்களோ?"

பேச்சியம்மா எல்லாவற்றையும் கொட்டினாள். லூசியா கதவைத் திறந்து தலையை நீட்டினாள். முகத்தில் அனல் அடித்தது. "இதுக்கோ இருபத்தேழு? அக்கா, நான் ஐஸ் கொட்டிலில ஆறு வருசம் இந்தக் குழாயைப் பார்த்து வேலை செய்தனான்."

குழாயைக் கழற்றி வெளியே கொண்டு வந்தாள். சனம் பதறியது. மீன் பெட்டியில் ஐசை நொறுக்கி, தண்ணீர் விட்டுக் கலக்கி, குழாயை உள்ளே விட்டாள். கோடு சைபரில் நின்றது. "குழாய் பொய் சொல்லேல்ல." பிறகு துடைத்துக் காயவைத்து, கொட்டிலின் நடுவில், எதிலும் முட்டாமல், பைகளின் உயரத்துக்குக் கட்டினாள். துணியும் இல்லை, விளக்கும் இல்லை. கோடு முப்பத்தாறு. கடைசியாகத் தன் மீன் துடைக்கிற துணியைக் கிணற்றுத் தண்ணீரில் நனைத்துக் குமிழில் சுற்றினாள். மந்திரம் இல்லை, சூடை மீன் நாற்றம் மட்டும்தான். கோடு இறங்கி இறங்கி இருபத்தேழுக்கு வந்தது.

"ஈரம் காயேக்க குமிழ் குளிருது. குளிக்கிற உடம்பில காத்துப் பட்டாக் குளிருமே, அதுதான். குழாய்க்குக் குளிர், காளானுக்குக் கொதி."

"சாமிய சோதிக்காத!" என்று சீறினார் குளிர்ச்சாமி.

"சோதிக்கேல்ல ஐயா. கோடு இருபத்தேழுதானே? உள்ளுக்கு நல்ல குளிர். வந்து அரை மணி இருங்கோவன்."

சனம் திரும்பிச் சாமியைப் பார்த்தது. "போங்க சாமி, குளிர்ச்சியா இருக்கும்" என்று பெரியசாமியே மனசாரச் சொன்னார். கதிரையையும் அவரே தூக்கி உள்ளே வைத்தார். பேச்சியம்மா கதவைச் சாத்தினாள். இத்தனை நாளில் அவள் ஆசையோடு செய்த ஒரே சடங்கு அதுதான்.

ஆறு நிமிசம். கதவு படாரென்று திறந்தது. திருநீறு வழிந்து தாடியில் சேறாகி, வேட்டி உடம்போடு ஒட்டி, "தண்ணி! தண்ணி!" என்று பாய்ந்தவர் செம்பை அப்படியே தலையில் கவிழ்த்தார், மந்திரம் ஊத மறந்து. உள்ளே ஈரத்துணிக்குள் கோடு அசையாமல் இருபத்தேழு காட்டியது. மாமியார்க்காரிதான் முதலில் சிரித்தாள். தன் இரண்டு கோழியையும் அவளே அவிழ்த்துக்கொண்டு போனாள். மற்றவர்களும் அவரவர் கோழியைத் தேடிப் பிடிக்க, அந்த அமளியில் சாமி வேலியைத் தாண்டி நழுவிவிட்டார்.

பேச்சியம்மா பொந்துகளைத் திறந்தாள். அழுகின பைகளைத் தூரக் கொண்டுபோய்ப் புதைத்தாள். தரையில் மணல் பரப்பி நனைத்து, சுற்றிவர ஈரச் சாக்குத் தொங்கவிட்டாள். கூரைக்கு இன்னொரு அடுக்குக் கிடுகு. பின்னேரம் கோடு இருபத்தொன்பது. அது குழாயின் சூடு இல்லை, கொட்டிலின் சூடு. பத்தொன்பது பை தப்பியது. அதிலிருந்து எட்டாம் நாள் மொட்டு விட்டது. அவள் பைகளைக் கட்டிப்பிடித்து அழுதாள்.

அடுத்த நாள் காலை பெரியசாமி கற்பூரத்தோடு வந்து நின்றார், குழாய்க்குக் காட்ட.

பேச்சியம்மா நெருப்புப் பெட்டியைப் பிடுங்கினாள். "கும்பிட்டுக் கும்பிட்டுத்தான் இருபத்தோரு பையப் புதைச்சோம். இது கும்பிடறதுக்கு இல்லைங்க. கண்ணத் தொறந்து பாக்கறதுக்கு."