பென்டிரைவ் திறக்காத மூன்று நாள்

புதன்கிழமை காலை, பல் துலக்கும்போதே சண்முகராஜ் ஒரு முடிவுக்கு வந்துவிட்டார். தலையே போனாலும் சரி, வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணி வரைக்கும் அந்தப் பென்டிரைவ் திறக்கக் கூடாது.

அது அவர் மனைவி சுதாராணியின் பென்டிரைவ். சிவப்பு நிறம், சுண்டுவிரல் நீளம். உள்ளே சான்றிதழ்கள். கோயம்புத்தூர்ப் பக்கம் ஒரு நூற்பாலையின் மகளிர் விடுதிக்கு வார்டன் வேண்டுமாம். அங்கேயே தங்க வேண்டுமாம். விண்ணப்பத்தை இணையத்தில் அனுப்பக் கடைசி நேரம் வெள்ளி மாலை ஐந்து.

கோவில்பட்டியில் அவர்கள் இருவரும் வேலை பார்த்த தீப்பெட்டி ஆபீஸைப் போன வருஷம் மூடிவிட்டார்கள். அவர் அங்கே பண்டல் கட்டியவர். அவள் இருபது வருஷம் செக்கிங். அது மட்டும் என்றால் சுதாராணி ஊரை விட்டுப் போக நினைத்திருக்க மாட்டாள். அவர்களுக்கு ஒரே பிள்ளை, மணிகண்டபிரபு. இரண்டு வருஷத்துக்கு முன்னால் கயத்தாறு தாண்டி, நாற்கரச் சாலையில், அவன் பைக் ஒரு லாரியின் பின்னால் போய் முடிந்தது. அன்றிலிருந்து தெருவில் பைக் சத்தம் கேட்டால் அவள் வாசல் வரை போய்ப் பார்த்துவிட்டுத்தான் திரும்புவாள். ஒரு நாளைக்கு நாற்பது முறை போவாள். கோவில்பட்டியில் பைக்குக்குக் குறைச்சல் இல்லை.

"இந்த வீட்டுல எனக்கு மூச்சு முட்டுதுங்க" என்பாள்.

சண்முகராஜுக்கோ இந்த வீட்டை விட்டால் மூச்சே கிடையாது. மகனின் லேப்டாப் இங்கேதான் இருந்தது. ப்ளஸ் டூ படிக்கும்போது அரசாங்கம் இலவசமாகக் கொடுத்தது. கனத்தில் அம்மிக்குத் தம்பி. வேகத்திலும் அப்படியே. விண்டோஸ் திணறுகிறது என்று மகன் அதில் லினக்ஸ் போட்டான். "காசு கெடையாதுப்பா. யாரு வேணாலும் உள்ள தொறந்து பாக்கலாம், திருத்தலாம்" என்றான். அப்பாவுக்கு ஏழு கட்டளைகள் சொல்லிக் கொடுத்தான். அந்த ஏழு கட்டளைகளை வைத்துக்கொண்டே சண்முகராஜ் தெருவுக்குக் கம்ப்யூட்டர் என்ஜினியர் ஆகியிருந்தார்.

எட்டாவது கட்டளையை இன்றைக்கு அவரே தேடிப் பிடித்தார். கறுப்புத் திரையில் ஒரு கோப்பைத் திறந்து ஒரே ஒரு வரி எழுதினார். எந்தப் பென்டிரைவ் வந்தாலும் கண்டுகொள்ளாதே என்று லேப்டாப்புக்கு உத்தரவு. அணைத்து, மறுபடி போட்டார். வேலை முடிந்தது. அவள் போய்விட்டால் இந்த வீட்டில் அவரும் சுவரில் ஒரு படமும்தான் மிச்சம். அதைத் தடுக்க இந்த ஒரு வரி பாவமில்லை என்று அவருக்குத் தோன்றியது.

சுதாராணி வந்து பென்டிரைவைச் செருகினாள்.

"என்னங்க, ஒண்ணும் வரமாட்டேங்கு?"

"அடடா!" என்றார். அந்த அடடாவைக் குளியலறையில் இரண்டு முறை ஒத்திகை பார்த்திருந்தார்.

"லைட்டு எரியுதே?"

"லைட்டு எரியும்ட்டி. கரண்டு போகுது, சேதி போகல. நம்ம தெருக்குழாயில காத்து வரும், தண்ணி வராதுல்லா, அது மாதிரி."

"நேத்து வரைக்கும் நல்லாத்தான இருந்துச்சு?"

"நேத்து வரைக்கும் நல்லா இருந்தவிய எத்தனையோ பேரு இன்னைக்கு இல்ல."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்தது. சுவரைப் பார்க்காமல் இருக்க இருவரும் கொஞ்ச நேரம் பாடுபட்டார்கள்.

"சரி பண்ணிருவீங்களா?" என்றாள் கடைசியில்.

"பின்ன? எல்லாம் நம்ம கரிசப் புழுதி செய்யுத வேலை. துளைக்குள்ள போயி அப்பிக்கிட்டு."

அவர் ஸ்குரூடிரைவரை எடுத்தார். அடிமூடியைக் கழற்றினார். தீக்குச்சி முனையில் பஞ்சைச் சுற்றித் துளையைத் துடைத்தார். ஊதினார். மூடியை மாட்டினார். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகளை ஓடவிட்டு, இறந்தவர் வீட்டுக்கு வந்த டாக்டர் போலத் தலையை ஆட்டினார். அந்த எழுத்துகளில் பாதி அவருக்குப் புரியாது.

மத்தியானம் சுதாராணி ஒரு காகிதத்தோடு வந்தாள்.

"இதுல ஒரு கையெழுத்து போடணுங்க."

புருஷன் சம்மதக் கடிதம் என்று சண்முகராஜுக்கு உடனே விளங்கிவிட்டது. அந்தப் பொறியில் அவர் விழுவாரா?

"கெர்னல்ல கை வச்சிருக்கேன். இப்பப் போயி கையெழுத்தா?"

"கெர்னல்னா?"

"கடலைய உடைச்சா உள்ள பருப்பு இருக்கும்லா, அது மாதிரி."

"சரி, அந்த விடுதியில இன்னொண்ணு சொன்னாவ, அது என்னன்னா..."

"ஏட்டி, நடுவுல பேசாத. ஒரு எழுத்து தப்புனா மொத்தமும் போயிரும்!"

அவள் காகிதத்தை மடித்துக்கொண்டு போனாள்.

வியாழக்கிழமை பென்டிரைவோடு வெளியே போய்விட்டு ஒரு மணி நேரத்தில் திரும்பினாள். கையில் ஒரு பழைய மவுஸ். தெருமுக்கில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் பாரூக்கிடம் கேட்டு வாங்கியதாம். அதே துளையில் செருகினாள். திரையில் அம்புக்குறி துள்ளி ஓடியது.

"இது மட்டும் ஓடுதே?"

சண்முகராஜ் மவுஸைப் புரட்டிப் பார்த்தார். "மவுஸ் வேற இனம்ட்டி. அதுக்கு வழி விடும். பென்டிரைவுக்கு விடாது."

இரண்டு நாளில் அவர் சொன்ன ஒரே உண்மை அதுதான். சுதாராணி அவர் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு காகிதத்தை நீட்டினாள்.

"இந்தக் கையெழுத்து..."

"நாளைக்கு."

வெள்ளிக்கிழமை நான்கு மணிக்குப் பேனாவையும் சேர்த்துக் கொண்டுவந்து நின்றாள். "இப்பவாவது போடுங்க. அஞ்சு மணி ஆயிரும்."

"பென்டிரைவே தொறக்கல. கையெழுத்த வச்சு என்ன செய்ய?"

மணி ஐந்தடித்தது. அவர் ஒரு நீண்ட பெருமூச்சு விட்டார். "விடு ராணி. நமக்குக் குடுத்து வைக்கல." உள்ளுக்குள் பட்டாசு வெடித்தது. "ஒரு காபி போடேன்."

காபி வந்தது.

"நான் நேத்தே அனுப்பிட்டேங்க" என்றாள்.

"என்னத்த?"

"விண்ணப்பத்த. பாரூக் கடையில. பென்டிரைவ் அங்கன போட்ட ஒடனே தொறந்துட்டு."

சண்முகராஜ் காபியைக் கீழே வைத்தார்.

"செக்கிங்ல இருபது வருசம் என்ன செஞ்சேன்னு நெனச்சீங்க? குச்சி பத்தலன்னு பெட்டி திரும்பி வந்தா, அதே குச்சிய வேற பெட்டியில உரசிப் பாப்போம். வேற குச்சிய அந்தப் பெட்டியில உரசிப் பாப்போம். பென்டிரைவு பாரூக் கடையில பத்திட்டு. பாரூக்கு மவுசு நம்ம வீட்டுல பத்திட்டு. குச்சியும் நல்லது, பெட்டியும் நல்லது. அப்பம் கோளாறு உரசுத கையில."

அவர் தன் கையைப் பார்த்தார். அதில் ஸ்குரூடிரைவர் இருந்தது.

"தெரிஞ்சும் பேசாம இருந்திருக்க!"

"பேசாமயா? மூணு நாளா பேப்பரோட பின்னாலயே நிக்கேன்."

"என் சம்மதம் இல்லாம நீ எப்படிப் போற, பாக்கேன்."

"ஒங்க சம்மதத்த எவன் கேட்டான்? அது அந்த விடுதி வாட்ச்மேன் வேலைக்கு ஒங்க விண்ணப்பம்."

காகிதத்தை மேஜைமேல் விரித்தாள். மேலே அவர் பெயர், அவள் கையெழுத்தில், குண்டு குண்டாக.

"புருசன் பொண்டாட்டியா வந்தா தனி வீடு குடுக்கோம்னாவ. அவங்கவங்க கையெழுத்து இருக்கணும்னாவ. வந்தா ரெண்டு பேருமா இருக்கலாம், புள்ள லேப்டாப்பையும் தூக்கிட்டுப் போயிரலாம்னு நெனச்சேன். ஒங்க எட்டாங்கிளாஸ் சர்ட்டிபிகேட்டும் அந்தப் பென்டிரைவுலதான் கெடக்கு. மனசு மாறி நீங்களே தொறப்பீங்கன்னு இன்னைக்கு அஞ்சு மணி வரைக்கும் பாத்தேன்."

"இப்பம் போட்டா?" சண்முகராஜ் பேனாவைத் தேடினார்.

"மணி அஞ்சு பத்து."

அடுத்த வாரமே அவளுக்கு வேலை கிடைத்தது. தனி வீடு இல்லை, ஒற்றை அறை. அவள் பஸ் ஏறியதும் சண்முகராஜ் வீட்டுக்கு வந்து அந்த ஒரு வரியை அழித்தார். அவள் விட்டுப் போன பென்டிரைவ் உடனே திறந்தது. கூப்பிட்டுக் காட்ட வீட்டில் ஆளில்லை. வெளியே ஒரு பைக் போனது. அவர் எழுந்து வாசல் வரை போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

ஒரு மாதம் அப்படி இருந்து பார்த்தார். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, சலவைச் சட்டை போட்டு, இரண்டு கிலோ கடலைமிட்டாய் வாங்கிக்கொண்டு, கோயம்புத்தூர் போய் விடுதி வாசலில் நின்றார். அங்கே புதுத் தொப்பி வைத்த வாட்ச்மேன் ஒருவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"யாரைப் பார்க்கணுமுங்க?"

"வார்டனை. நான் அவங்க வீட்டுக்காரரு."

வாட்ச்மேன் போனில் கேட்டார். தலையாட்டினார். மறுபடி தலையாட்டினார். போனை வைத்தார்.

"ஆம்பளைங்க மாசத்துல ரெண்டாவது ஞாயிறு மட்டுந்தான் வரலாமுங்க. வார்டனம்மா புதுசா போட்ட சட்டமுங்க. இன்னைக்கு மூணாவது ஞாயிறுங்க."