தைரியராஜ் மாஸ்டரின் காலைப் பூசை

1951 டிசம்பர் பனியில் தைரியராஜ் மாஸ்டர் ஒரு முடிவுக்கு வந்தார். இந்த இருதயம் தன் பேச்சைக் கேட்கவேண்டும். அதன் பேச்சைத் தான் கேட்பதாக இல்லை.

முப்பது வருஷம் டிரில் மாஸ்டராக இருந்த மனிதர். அவர் நீளமாக விசில் ஊதினால் பையன்கள் மட்டுமல்ல, மைதானத்தில் மேய்கிற மாடும் நிற்கும். பையன்களுக்கு முன்னால் தானே விறைத்து நின்று காட்டித்தான் அதைப் பழக்கினார். இப்போது நாலு படி ஏறினால் மூச்சு முட்டியது. சாயங்காலமானால் கால் வீங்கியது. புத்தூர் டாக்டர், இருதயம் தளர்ந்துவிட்டது, ரத்தத்தைத் தள்ளத் திணறுகிறது என்று சொல்லி உப்பைக் குறைத்தார்.

"நடக்கலாம். ஆனா வெயில் வந்தப்புறம், மெதுவா, துணையோட. பேசிக்கிட்டே நடக்க முடியணும். பேச்சு நின்னா கால் நிக்கணும். விடியக்காலைக் குளிர்ல மட்டும் வேண்டாம். ரத்தக்குழாய் சுருங்கும், இருதயத்துக்கு இரட்டை வேலை."

இவ்வளவில் மாஸ்டர் காதில் விழுந்தது 'நடக்கலாம்' ஒன்றுதான். வீட்டுக்கு வந்ததும் மனைவியிடம் அறிவித்தார்.

"சகாயம், நாளையிலேர்ந்து காவேரிப் பாலம். அஞ்சு மணிக்குக் கிளம்பி, அந்தக் கரைக்குப் போய்த் திரும்பறேன்."

"வெயில் வரட்டுங்க. நானும் வரேன்."

"வெயில் வந்து நடக்கிறவன் கிழவன்!"

"நீங்க யாராம்?"

"துணையோட நடந்தா என்கிட்டப் படிச்சவனெல்லாம் சிரிப்பான்."

"சிரிக்கட்டுமே. பின்னாடி நான் ஒருத்தி உக்காந்து அழறதுக்கு, அவனுங்க இப்பவே சிரிச்சிட்டுப் போகட்டும்."

சொல்லிவிட்டு சகாயம்மாள் வாசல் சாவியை முந்தானையில் முடிந்துகொண்டாள். பேச்சுவார்த்தை முடிந்தது.

மாஸ்டர் சுவரைப் பார்த்தார். படத்தில் திரு இருதய ஆண்டவர் தம் இருதயத்தைச் சுட்டிக் காட்டிக்கொண்டிருந்தார். "உமக்கு வலுவா இருக்கு, நீர் காட்டலாம்" என்று முணுமுணுத்தவருக்கு அந்த இடத்திலேயே வழி பிறந்துவிட்டது.

"சகாயம், நாளையிலேர்ந்து காலைப் பூசைக்குப் போகலாம்னு பார்க்கறேன். தெருமுனைக் கோயில்தானே, நடக்கவே வேண்டாம்."

கிறிஸ்மஸுக்கும் ஈஸ்டருக்கும் மட்டும், அதுவும் இழுத்துக்கொண்டு போனால் கோயிலுக்கு வருகிற புருஷனை அவள் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தாள்.

"பூசைக்குப் போகாதீங்கன்னு சொன்ன பாவம் எனக்கு எதுக்கு?" என்று சாவியை எடுத்துக் கொடுத்தாள்.

விடியற்காலையில் அவளே மப்ளரைச் சுற்றிவிட்டாள். ஒரு டம்ளர் காப்பியும் கொடுத்தாள். சூடான காப்பி. மாஸ்டர் அடிமண்டி வரை குடித்துவிட்டுக் கிளம்பினார். கோயிலைத் தாண்டும்போது வெளியிலிருந்தே ஒரு சிலுவை போட்டுக்கொண்டார். ஆண்டவருக்கு அது போதும் என்று அவர் எண்ணம். பாலத்தின் தொடக்கத்தில் மூச்சு வாங்கிக் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். அதை அவர் கணக்கில் சேர்க்கவில்லை.

திரும்பி வந்ததும் சகாயம்மாள் கேட்டாள். "நன்மை வாங்கினீங்களா?"

பூசையில் சாமியார் நாக்கில் வைக்கும் நற்கருணை அப்பத்தைத்தான் கேட்டாள்.

"வாங்காம? முதல் ஆளா முழங்கால் போட்டு வாங்கினேன்!"

அவள் மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. அதை வெற்றி என்று மாஸ்டர் எடுத்துக்கொண்டார்.

மறுநாளும் காப்பி, மப்ளர், பாலம். பனியில் ஸ்ரீரங்கத்துக் கரையே தெரியவில்லை. "லெஃப்ட்! ரைட்!" என்று தனக்குத்தானே உத்தரவு போட்டுக்கொண்டு போனார். பாலத்தின் நடுவில் 'லெஃப்ட்' வந்தது, 'ரைட்' வரவில்லை. நெஞ்சைக் கல்லால் அழுத்திய மாதிரி இருந்தது. காதில் இருதயம் அடிக்கிற சத்தம் தவிர வேறெதுவும் கேட்கவில்லை. மாஸ்டருக்குப் பயம் வந்தது, நிஜமான பயம். ஆனாலும் திரும்ப மனசில்லை. அதோ அந்த விளக்குக் கம்பம் வரைக்கும் போய்விட்டால் போதும் என்று காலை எடுத்து வைத்தார்.

முதுகுக்குப் பின்னால் நீளமாக ஒரு விசில்.

மாஸ்டரின் இரண்டு காலும் ஒட்டி விறைத்து நின்றன. அவரைக் கேட்காமலே நின்றன.

ஜட்காக்காரன் காஜா மைதீனின் குதிரைவண்டி பக்கத்தில் வந்து நின்றது. கழுத்தில் டிரில் விசிலும் கையில் கம்பளியுமாக சகாயம்மாள் இறங்கினாள்.

"ஏறுங்க."

ஏறமாட்டேன் என்று சொல்லத்தான் மாஸ்டர் வாயைத் திறந்தார். "ஏ..." என்பதோடு சரி.

"பேச்சு நின்னுடுச்சு. இனிமே கால் நடக்கக்கூடாது. டாக்டர் சொன்னாருல்ல?"

வண்டி திரும்பிப் போகையில் மூச்சு ஒருவழியாகப் படிந்தது. மூச்சு வந்ததும் கோபமும் வந்தது.

"யார் காட்டிக்குடுத்தது? சாமியாரா?"

"காப்பி."

"என்ன காப்பி?"

"நடுராத்திரிக்கு மேல பச்சத்தண்ணி பல்லுல பட்டாலே நன்மை வாங்கக்கூடாது. புதுநன்மை எடுக்கிற குழந்தைக்குக்கூடத் தெரியும். நீங்க நான் குடுத்த காப்பியை ஒரு டம்ளர் குடிச்சிட்டு முதல் ஆளா முழங்கால் போட்டீங்களாம்!"

முன்னால் உட்கார்ந்திருந்த காஜா மைதீன் குதிரையைப் பார்த்துச் சிரித்தான். "எங்க நோன்புலயும் இப்படித்தான் சார் மாட்டுவாங்க."

"நேத்தே கேட்டிருக்கலாமில்ல?"

"கேட்டா வேற பொய் கண்டுபிடிப்பீங்க. அதான் வண்டியைச் சொல்லிவச்சேன்." அவர் மணிக்கட்டை அவள் விடவே இல்லை. "எனக்கு நீங்க வீரமா வேண்டாங்க. உசுரோட வேணும்."

மாஸ்டர் மப்ளரை இழுத்து மூக்கைத் துடைத்துக்கொண்டார். பழியைக் குளிர் தலையில் போட்டார்.

"அதுக்காக நடையை நிறுத்தமாட்டேன். சொல்லிட்டேன்!"

"யாருங்க நிறுத்தச் சொன்னது? வெயில் வந்ததும் ரெண்டு பேரும் கோயிலைச் சுத்தி நடப்போம். நீங்க ஜெபமாலையைச் சத்தமாச் சொல்லிட்டே வரணும். சத்தம் நின்னா நான் ஊதுவேன். அப்புறம் ரெண்டாம் பூசை."

மறுநாள் வெயில் வாசலுக்கு வந்தது. மாஸ்டர் கான்வாஸ் ஷூவைக் கட்டி, நெஞ்சை நிமிர்த்தி, தோற்றவன் நானில்லை என்று தெருவுக்கே தெரிகிற மாதிரி நின்றார். அடுப்பங்கரையிலிருந்து வாசனை வந்தது.

"ம், காப்பியைக் கொண்டா. கிளம்பலாம்."

சகாயம்மாள் விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு கதவைச் சாத்தினாள்.

"காப்பியா? இன்னிக்கு நிஜமாவே நன்மை வாங்கணுங்க."