நெருப்பை வெளியே வைத்த என்ஜின் குறித்து மச்சானுக்கு

தேவனாம்பட்டினம்,
கடலூர்.

சிதம்பரத்தில் லேத் பட்டறையும் நல்ல பெயருமாக வாழும் மச்சான் கண்ணாயிரம் அவர்களுக்கு, உங்கள் தங்கை தனத்தைக் கட்டிய பழனிவேல் வணக்கம் சொல்லி எழுதுவது. இங்கே நான், தனம், மகள் இசைவாணி மூவரும் நலம். படகும் நலம். உங்கள் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன்.

நிற்க. உங்கள் மகன் இளவரசு செய்த என்ஜினில் என் படகு கடலுக்குப் போய் ஒழுங்காகத் திரும்பினால் இசைவாணியை அவனுக்குக் கொடுப்பதாக நான் சொன்னது உண்மை. அந்த 'ஒழுங்காக' என்ற சொல்லைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

தம்பி இளவரசு என்ஜினை மாட்டியதும் டீசல் எங்கே ஊற்றுவது என்று தேடினேன். ஊற்ற வேண்டாமாம். மற்ற என்ஜின்களில் நெருப்பு உள்ளே எரிகிறது, இதில் வெளியேதான் எரியுமாம். மூடிய உருளைக்குள் வெறும் காற்று. ஒரு முனையை அடுப்பில் காட்டினால் காற்று உப்பி பிஸ்டனைத் தள்ளும், மறுமுனையில் கடல் தண்ணீர் பட்டுக் குளிர்ந்தால் சுருங்கி இழுக்கும். தள்ளி இழுத்து, தள்ளி இழுத்துச் சக்கரம் சுற்றும். மண்ணெண்ணெய் ஸ்டவ்வைப் பற்றவைத்ததும் படகு எங்கள் இருவரோடும் பூனை மாதிரி சத்தமில்லாமல் கிளம்பியது. கரை கோடாகத் தெரிகிற தூரம் போனதும் எனக்குப் பசி. எரிகிற அடுப்பை வீணாக்குவானேன் என்று, பிடித்த சங்கரா மீனில் குழம்பு வைத்தேன். சட்டியை ஏற்றினால் படகு நிற்கிறது, இறக்கினால் குழம்பு ஆறுகிறது. ஏற்றி இறக்கி, ஏற்றி இறக்கி, குழம்பு கொதிப்பதற்கும் மண்ணெண்ணெய் தீர்வதற்கும் சரியாக இருந்தது. இந்த என்ஜின் இருக்கையில் துடுப்பு எதற்கு என்று அதை வீட்டிலேயே வைக்கச் சொன்னவனும் உங்கள் மகன்தான்.

தம்பி போனை எடுத்தான். கடலோரக் காவல்படையைக் கூப்பிடுகிறான் என்று நிம்மதியானேன். "இசை, அடுப்பு அணைஞ்சிடுச்சி" என்றான். மச்சான், என் மகள் நம்பர் இவனுக்கு எப்படித் தெரியும்? அவள் கொஞ்சமும் பதறாமல், "ஒரு பக்கம் சூடு, ஒரு பக்கம் குளிரு, வித்தியாசம் இருந்தா போதும்னு நீங்கதான சொன்னீங்க. அடுப்பு இருந்த பக்கம் ஐஸைக் கொட்டுங்க" என்றாள். மீனுக்கு வைத்திருந்த ஐஸை எல்லாம் அள்ளி வைத்தோம். ஓடியது. ஆனால் குளிர வேண்டிய முனை இப்போது சூடான முனையாகிவிட்டதால் சக்கரம் எதிர்ப்பக்கம் சுற்றிப் படகு பின்னோக்கிப் போனது. ஐஸ்பெட்டி மூடியால் துழாவி, படகின் முகத்தைக் கடல் பக்கம் திருப்பி, முதுகைக் காட்டிக்கொண்டு ஊருக்கு வந்தோம். நாங்கள் கிளம்புவதாக நினைத்துக் கரையில் நின்றவர்கள் கையசைத்தார்கள். படகு மணலில் முட்டிய பிறகும் மீன் விற்கும் மலர்க்கொடி, "பாத்துப் போய்ட்டு வாங்க மாமா" என்றாள். மீன் அத்தனையும் வெயிலில் நாறிவிட்டது.

ஆகவே இந்தச் சம்பந்தம் வேண்டாம். என்ஜினையும் மகனையும் அழைத்துக்கொள்ளவும். அக்காவுக்கு என் அன்பு. எனக்குக் கோபம்தான் என்றாலும், தம்பி நோய் நொடி இல்லாமல் நீண்ட நாள் வாழட்டும், சிதம்பரத்திலேயே.

இப்படிக்கு,
பழனிவேல்

பி.கு.: ஒட்டிய கவரைத் தனம் பிரித்துப் படித்துவிட்டாள். மேலே எழுதியது எதையும் படிக்க வேண்டாம். வரும் வெள்ளிக்கிழமை நிச்சயதார்த்தம். பூ, பழம், தட்டோடு காலையிலேயே வந்துவிடவும். தம்பி இதைவிடப் பெரிய என்ஜின் ஒன்று செய்து, உங்கள் குடும்பம் மொத்தத்தையும் கடல் வழியாகவே அழைத்துவரப் போவதாக இசைவாணி சொல்கிறாள். மச்சான், தயவுசெய்து பஸ்ஸில் வாருங்கள்.