எழுதியவர் ஒருவர், மாட்டியவன் நான்

வக்கீல் மருமகளுக்கு, மாமா ஆசியுடன் எழுதுவது. இங்கே நான் நலம். உன் அத்தையும் லிஃப்டிலிருந்து நலமாக வெளியே வந்துவிட்டாள். பதறாதே, வரிசையாகச் சொல்கிறேன்.

ஓய்வு பெற்றவருக்குப் பொழுது போகட்டும் என்று எங்கள் குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவுக்கு என்னை அட்மின் ஆக்கினார்கள் அல்லவா? போன செவ்வாய் மதியம் சாப்பிட்டுக் கண்ணயர்ந்த நேரம், மூன்றாம் மாடித் தையற்காரர், ‘கீழ்வீட்டுப் பல் டாக்டர் போலி’ என்று அதில் போட்டுவிட்டார். நான் எழுந்து முகம் கழுவுவதற்குள் டாக்டர் வாசலில் நிற்கிறார்.

“நீங்கதானே அட்மின்? உங்க மேலதான் கேஸ்.”

“எழுதினது அவருங்க!”

“அவர் கதவையே திறக்க மாட்டேங்கிறாரு. நீங்க திறந்தீங்க.”

உடனே அந்தச் செய்தியை நீக்கினேன். மறுநாள் நோட்டீஸும் வந்தது. இனி எல்லாரும் எனக்குத்தான் அனுப்ப வேண்டும், நான் பார்த்துத்தான் குழுவில் போடுவேன் என்று பூட்டுப் போட்டேன். ஒருவர் ‘காலை வணக்கம்’ அனுப்பினார். யாரைக் குத்துகிறாரோ என்று நிறுத்தி வைத்தேன். வெள்ளியன்று மாடி வீட்டு டீச்சர், ‘லிஃப்ட் நடுவுல நின்னுடுது, யாரும் ஏறாதீங்க’ என்று அனுப்பினார். லிஃப்ட் கம்பெனி மான நஷ்டம் கேட்டால்? அதையும் அமுக்கினேன். அரை மணி கழித்து உன் அத்தை காய்கறிப் பையோடு ஏறி, இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவே மாட்டிக்கொண்டாள்.

கதவிடுக்கு வழியே குரல் வந்தது: “உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?”

“செய்தி வந்துச்சு... பரிசீலனையில இருந்துச்சு.”

“வெளிய வந்து உங்களைப் பரிசீலிக்கிறேன்.”

டாக்டரும் தையற்காரரும் ஆளுக்கொரு பக்கம் கதவை இழுத்துத்தான் அவளை மீட்டார்கள். மூச்சு வாங்க டாக்டர் சொன்னார்: “ஒரு பொய்யை எடுக்கச் சொன்னா, எல்லார் வாயையும் அடைச்சிட்டீங்களே சார்!” தையற்காரர் தலையைச் சொறிந்தார். “எழுதினது நான்தான். நான் தைச்ச பேன்ட் குட்டைன்னு டாக்டர் நாலு பேர் முன்னாடி சொன்னாரு, ஆத்திரம். கேஸை என் மேல போடுங்க, இவர் தூங்கிட்டு இருந்தவரு.” அங்கேயே மன்னிப்பும் கேட்டார். நோட்டீஸ் வாபஸ். பூட்டையும் திறந்துவிட்டேன். எழுதியவர் பொறுப்பு எழுதியவருக்கு. தப்பென்று யாராவது சொன்னால் பார்த்து எடுப்பது என் பொறுப்பு. சரிதானே?

உனக்கு மட்டும் சொல்கிறேன்: டாக்டர் போலி இல்லை, ஆனால் எனக்கு வலித்த பல்லை விட்டுவிட்டுப் பக்கத்துப் பல்லைப் பிடுங்கியவர். தையற்காரரிடம் கொடுத்த சட்டையில் எனக்குக் கழுத்தே நுழையவில்லை.

நீ எடுக்கும் வழக்கெல்லாம் ஜெயிக்கட்டும். எதிர்த் தரப்பு வக்கீலும் சௌக்கியமாக இருக்கட்டும்.

உன் மாமா

பி.கு.: மேலே உள்ளதைப் படம் பிடித்து உனக்கு அனுப்புவதாக நினைத்துக் குழுவிலேயே போட்டுவிட்டேன். நீக்குவதற்குள் நாற்பது பேர் படித்தாயிற்று. இம்முறை எழுதியவனும் நானே, அட்மினும் நானே. டாக்டரும் தையற்காரரும் தோளோடு தோளாகப் படியேறி வருகிறார்கள். கிடைக்கிற பஸ்ஸில் உடனே புறப்பட்டு வா.